செட்டிநாட்டு வீட்டில் வருஷம் முழுக்கக் கைவேலை: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓலை, மாவு, காகிதக் கூழ், நூல், மண் என்று நம் வீடுகளில் கைக்கு வரும் எல்லாப் பொருளும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் சுருங்கும். வேலை கெட்டுப்போனால் "எனக்குக் கை வரவில்லை" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, எடுத்த மாசத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே உள்ள பதில்களில் பக்குவத்தோடு பருவத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

எந்த மாசத்தில் எதை வைத்துக்கொள்வது?

பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை காயப்போடும் காலம். வத்தல், மாவத்தல், வருஷத்துக்கு வேண்டிய ஓலை எல்லாம் அப்போதே காய்ந்துவிட வேண்டும். அந்த வெயிலில் ஓலை பின்ன உட்கார வேண்டாம். நனைத்த ஓலை கையில் இருக்கும்போதே காய்ந்து முறியும். பின்னித்தான் ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் பின்னுங்கள்.

ஆனி, ஆடியில் காற்று கிளம்பிவிடும். இழையாகவும் தூளாகவும் இருக்கிற எதையும் மாடியில் விரிக்க முடியாது. காகிதக் கூழ் வேலைக்கு அந்தக் காலம் நல்லது, காற்றே பாதி காயவைத்துவிடும். கொலுவுக்கு வேண்டியதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை. காற்றில் ஈரம் இருப்பதால் ஓலை வளைந்துகொடுக்கும், பின்னுவதற்கு அதுதான் சுகமான நேரம். மார்கழி கோலத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும். தை, மாசியில் தையல், முளைப்பாரி.

கொட்டானுக்கு (ஓலைக் கூடைக்கு) எந்த ஓலை வாங்குவது?

பனங்குருத்து. விரியாமல் விசிறி மடிப்பாக நிற்கும் இளம் ஓலை அது. பச்சையாக விரிந்த ஓலை கூரைக்கும் விறகுக்கும் சரி, கொட்டானுக்கு ஆகாது. காய்ந்ததும் பழுப்பாகி விறைத்துக்கொள்ளும், மடித்த இடத்தில் வெடிக்கும்.

குருத்தை வாங்கிய அன்றே இலக்குகளை, அதாவது ஒட்டி நிற்கும் ஓலை இதழ்களை, தனித்தனியாகப் பிரித்து வெயிலில் போடுங்கள். கட்டாகவே வைத்தால் உள்ளே புழுங்கிக் கரும்புள்ளி விழும், அந்தப் புள்ளி பிறகு எதற்கும் போகாது. நல்ல வெயிலில் மூன்று நான்கு நாளில் இளம்பச்சை மாறித் தந்த நிறம் வரும். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு நடு ஈர்க்கை உருவி எடுத்துவிட்டு, பழந்துணியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். அப்படி வைத்தால் அடுத்த கோடை வரை வரும்.

முதல் கொட்டான் என்ன அளவில் பின்னலாம்?

அடி 10 செ.மீ. சதுரம், உயரம் 6 செ.மீ. இதைவிடச் சின்னதாகப் போனால் மூலையில் விரல் நுழையாது. பெரிதாகப் போனால் புதுக் கைக்கு இழுப்பு ஒரே சீராக வராது.

ஒரு செ.மீ. அகலத்தில் 36 செ.மீ. நீளப் பட்டை 20, 46 செ.மீ. நீளப் பட்டை 8 வேண்டும். கிழிக்கும்போது முதலில் ஊசியால் ஒரு கோடு போட்டுவிட்டு அதன் வழியே பிரியுங்கள், ஓலையின் நரம்போடு நேராகப் போகும். கத்தரியால் வெட்டினால் நரம்பு குறுக்கே அறுந்து, அந்த ஓரம் பின்னும்போது பிசிறும்.

பட்டைகளைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். நீளம் குறைந்த பட்டைகளில் 10 நெடுக்காக, 10 குறுக்காக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று நடுவிலிருந்து பின்னுங்கள். அடி முடிந்ததும் நாலு பக்கமும் அளவுகோலை வைத்து அழுத்தி மேல்நோக்கி மடியுங்கள். இப்போது பட்டை முனைகள் 40 கால்களாக நிற்கும். நீளப் பட்டை ஒன்றைச் சுற்றிலும் மாற்றி மாற்றி விட்டு, நாலு கால் தூரம் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி முடியுங்கள். அடுத்த சுற்று, கீழ்ச்சுற்று உள்ளே போன காலில் வெளியே வர வேண்டும். ஆறு சுற்று போதும். மிச்சமுள்ள கால்களை உள்பக்கம் மடித்து மூன்றாம் சுற்றுக்குள் சொருகுங்கள். கடைசி இரண்டு பட்டைகளை விளிம்பின் உள்ளும் வெளியும் வைத்து, தடித்த நூலால் தைத்துவிட்டால் முடிந்தது.

அடி நன்றாக வருகிறது. பக்கம் ஏறும்போது கோணிக்கொள்கிறதே?

இரண்டு காரணம்தான். ஒன்று, எல்லாச் சுற்றையும் ஒரே பக்கத்தில் தொடங்கி ஒரே பக்கத்தில் முடிப்பது. அந்தப் பக்கத்தில் இரட்டை ஓலை சேர்ந்து புடைத்துக்கொள்ளும். முதல் சுற்று வடக்கே முடிந்தால் அடுத்தது கிழக்கே, அதற்கடுத்தது தெற்கே என்று இணைப்பை நகர்த்துங்கள். இரண்டாவது, முதல் சுற்றில் மூலையைத் தளர விடுவது. முதல் சுற்று முடியும்வரை நாலு மூலைக்கும் துணி கிளிப் போட்டு வையுங்கள். முதல் சுற்று சதுரமாக நின்றுவிட்டால் மேலே உள்ளதெல்லாம் அதன் வழிக்கு வந்துவிடும்.

பின்னியபோது நெருக்கமாக இருந்தது, இரண்டு நாளில் இடைவெளி விழுந்துவிட்டது. ஏன்?

ஓலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது பின்னியிருக்கிறீர்கள். நனைந்த ஓலை அகலமாக உப்பி நிற்கும். காய்ந்ததும் ஒவ்வொரு பட்டையும் கொஞ்சம் சுருங்கும். 40 காலுக்கும் அது சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி ஆகிவிடும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஏற்கெனவே பின்னியதைச் சரிசெய்ய, விளிம்பு தைக்கும் முன் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கீழே தட்டி இறக்குங்கள். மேலே ஒரு சுற்றுக்கு இடம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது. என்ன செய்ய?

காய்ந்த ஓலையை நேரே சாயத்தில் போட்டால் அப்படித்தான் ஆகும். முந்தின இரவே ஓலையைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பாய்க்குப் போடும் சாயப் பொடியை முதலில் ஒரு டம்ளர் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீரில் சேருங்கள். ஓலை முழுதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். கட்டாகப் போடாமல் பிரித்துப் போட்டு, ஐந்து முதல் பத்து நிமிஷம் குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் சாயம் விடுவது நிற்கும்வரை அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காயவைத்த சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும்.

சாயப் பாத்திரம் தனி. அது மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. சாய ஓலைக் கொட்டானில் பலகாரம் வைக்கும்போது அடியில் வாழையிலைத் துண்டு போடுங்கள். சீர் வரிசையில் வெற்றிலை பாக்குக்கும் மஞ்சள் கிழங்குக்கும் அது தேவையில்லை. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஓர் ஊரில் நாலு வீட்டுப் பிள்ளைகளாவது பின்னக் கற்றுக்கொண்டால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று உறுதியாக நம்புகிறோம்.

எந்த வயதில் பிள்ளையை உட்காரவைக்கலாம்?

நாலு, ஐந்து வயதில் பட்டைகளை நிறவாரியாகப் பிரிக்கட்டும், பெரிய மணி கோக்கட்டும். ஏழு வயதில் பழைய காலண்டர் அட்டையைப் பட்டையாக வெட்டிக் கொடுத்துச் சதுரம் பின்னச் சொல்லுங்கள். மேலே கீழே என்ற கணக்கு கைக்கு வந்துவிடும், முறியவும் முறியாது. ஓலை ஓரம் விரலைக் கீறும் என்பதால் நிஜ ஓலை ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். பிள்ளை பின்னியதை அவிழ்த்து நீங்கள் திருத்தாதீர்கள். கோணலான கொட்டானிலும் பூ வைக்கலாம்.

கோடை விடுமுறையில் கூழ் வத்தல் போடுகிறோம். காய்ந்ததும் நொறுங்கிவிடுகிறது.

மாவு வேகவில்லை. கரண்டியால் ஊற்றும் வத்தலுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு ஆறு பங்கு தண்ணீர். அச்சில் பிழிவதற்கு மூன்று பங்கு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, கரைத்து வைத்த மாவை ஊற்றிக் கிண்டி, வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆகும்வரை இறக்காதீர்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. உப்பை வாயில் வைத்துப் பார்க்கும்போது குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்ததும் அது ஏறிக்கொள்ளும். பச்சைமிளகாயை விழுதாக அரைத்துச் சேருங்கள். துண்டாகப் போட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

காலை ஏழு மணிக்குள் வேட்டியில் ஊற்றி முடித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அரும்பரும்பாகக் கிள்ளிவைக்கும் வேலையைக் கொடுக்கலாம். மாலையில் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் உரிந்து வரும். மறுநாள் தாம்பாளத்தில் போட்டு இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். உடைத்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் டப்பாவில் வண்டு வரும்.

கொலுவுக்குக் காகிதக் கூழில் கூடை, தட்டு செய்வது எப்படி?

அரைக் கிலோ செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவையுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். பளபளப்பான வாரப்பத்திரிகைத் தாள் கரையாது, அதைச் சேர்க்க வேண்டாம். 50 கிராம் வெந்தயத்தைத் தனியே இரவு முழுக்க ஊறவைத்து வழவழவென்று அரைத்து, பிழிந்த காகிதத்தோடு சேர்த்து ஆட்டுங்கள். வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் எளிதில் வராது. மிக்ஸியில் அரைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். கெட்டியாகப் போட்டு ஓட்டினால் மோட்டார் சூடாகி நிற்கும்.

எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, அரை செ.மீ. கனத்துக்குக் கூழை அப்புங்கள். தடிப்பாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பத்து நாள் கழித்து உள்ளிருந்து கறுப்புப் பூஞ்சணம் கிளம்பும். ஒரு நாள் வெயிலுக்குப் பிறகு பாத்திரத்திலிருந்து கழற்றி, உட்பக்கம் மேலே தெரிய இன்னும் நாலு நாள் காயவையுங்கள். முழுதும் காயும்வரை பாத்திரத்திலேயே விட்டால் சுருங்கிப் பிடித்துக்கொண்டு கழற்றும்போது கிழியும். வண்ணம் பூசும் முன் மைதாப் பசையில் வெள்ளைத்தாள் ஒரு சுற்று ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வண்ணத்தையெல்லாம் கூழ் குடித்துவிடும். புரட்டாசி பிறந்த பிறகு தொடங்கினால் மழை முந்திக்கொள்ளும்.

மழையில் ஓலைப் பொருள் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது.

தண்ணீரில் கழுவாதீர்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் வெளியே கொண்டுபோய், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, இரண்டு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்ட வேண்டாம், அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாது. கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவதுதான் பெரிய தப்பு. பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, பத்தாயத்திலோ பெட்டியிலோ காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். மழைக்காலத்தில் பின்னி முடித்த புதுக் கொட்டானை, வெயில் இல்லாத நாளில் ஃபேன் காற்றில் இரண்டு நாள் வைத்த பிறகே மூடி வைக்க வேண்டும்.

நடுவீட்டுக் கோலத்துக்கு மாவு என்ன பதம்?

பச்சரிசி 100 கிராம் எடுத்தால் ஒரு நடுத்தரக் கோலம் போடலாம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நறநறப்பு இல்லாமல் அரையுங்கள். சின்னத் துணித் துண்டை மாவில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மோதிர விரல் வழியாக இழுக்க வேண்டும். ஒரு சொட்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஓடினால் தண்ணீர் அதிகம், காய்ந்தால் கோடு மங்கும். குமிழாக நின்றால் கெட்டி, காய்ந்ததும் வெடித்து உதிரும். போட்ட உடனே வெளிறித்தான் தெரியும், காயக் காய வெள்ளை ஏறும். அதனால் தெரியவில்லையே என்று மேலே மறுபடி இழுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை. கோலம் ஒட்டுவதில்லை, காவி கறையாகிறது.

ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கும் பழக்கம் உண்டு. எண்ணெய் இருக்கும் தரையில் மாவு பிடிக்காது. நோன்புக்கு ஒரு வாரம் முன்பே எண்ணெய் போடுவதை நிறுத்தி, முந்தின நாள் வெந்நீரால் துடையுங்கள். அது சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடி மேல் ஊற்றிச் செய்த கல், சூளையில் சுட்டதில்லை. நிறத்தைக் குடித்துக்கொள்ளும். காவியை நேரே பூசாமல் பலகையில் போட்டுக்கொள்ளுங்கள். கறை போக எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதையும் ஊற்றக் கூடாது. புளிப்பு சிமெண்டை அரித்துப் பளபளப்பை எடுத்துவிடும், அந்த இடம் திரும்ப வராது.

பிள்ளையார் நோன்புக்குத் திரி எப்படி எடுப்பது? மாவு சரிந்துவிடுகிறது.

கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் வருகிற நோன்பு. கோடி (புது) வேட்டியிலிருந்து நூல் உருவி, 21 இழை சேர்த்து ஒரு திரி. வேட்டி விளிம்பின் கஞ்சி நூல் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதனால் லேசாக நனைத்துக் காயவைத்த பகுதியில் உருவுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை திரி. நூலை எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

ஒரு கப் ஈரப் பச்சரிசி மாவுக்கு அரை கப் பொடித்த வெல்லம், இரண்டு ஸ்பூன் நெய். வெல்லம் கூடினால் இளகும், மாவு சரிவது அதனால்தான். இளகிவிட்டால் வறுத்த மாவு ஒரு ஸ்பூன் சேர்த்துப் பிசையுங்கள். அடி அகலமாக, நுனி கூம்பாகப் பிடித்து, திரியை நெய்யில் தோய்த்து நுனி மட்டும் தெரியப் பதியுங்கள். நீளமாக விட்டால் சுடர் பெரிதாகும். பெரியவர்கள் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்குச் சுடரை அணைத்து, நூலை எடுத்துவிட்டு, மாவை மட்டும் கொடுங்கள். பிள்ளையாருக்கு வைக்கும் ஆவாரம்பூவை முந்தின நாளே பறித்தால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், மொட்டாகப் பறித்தது மறுநாள் விரியும்.

பழைய கண்டாங்கிச் சேலையில் என்ன தைக்கலாம்?

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த பருத்தி என்பதால் கிழிந்த பிறகும் பாதிச் சேலை பயன்படும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைக்கும் பகுதி மெலிந்திருக்கும், கரை கடைசிவரை திடமாக இருக்கும். உடல் பகுதியில் பாய் விரிப்பும் தலையணை உறையும், கரையில் பைக்குக் காதும் தைக்கலாம். குழந்தைக்குத் தூளி கட்டுவதென்றால் மெலிந்த துணி கூடவே கூடாது, முடிச்சுக்குப் பக்கத்தில்தான் முதலில் கிழியும். வெள்ளைத் துணியோடு ஒட்டுப்போடும் முன், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள்.

ஆயா (பாட்டி) போட்ட குரோஷா விரிப்பு பழுத்துப்போயிருக்கிறது. எப்படி வெளுப்பது?

பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பழைய நூல் இற்றுவிடும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் வடிவம் இழுத்துக்கொள்ளும்.

முளைப்பாரி சரியாக வளரவில்லை.

காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா. அதற்கு வளர்க்கிறவர்கள் ஏழு முதல் ஒன்பது நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டையுள்ள வாயகன்ற சட்டியில் வைக்கோல், அதன் மேல் மண்ணும் பொடித்த எருவும். பயறு வகை எட்டு மணி நேரம் ஊறினால் போதும். நெல் அதற்கு ஒரு நாள் முன்பே ஊற வேண்டும், இல்லாவிட்டால் பயறு ஒரு சாண் வளர்ந்தபோது நெல் தலைகாட்டிக்கொண்டிருக்கும். இருட்டறையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, ஒரு வேளை நிறுத்துங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எங்கோ கதவிடுக்கில் வெளிச்சம் வருகிறது. அதைத் துணியால் அடைத்துவிட்டுச் சட்டியைத் திருப்பி வையுங்கள். வெளிச்சம் படாததால்தான் அந்த இளமஞ்சள் நிறம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு சிரட்டையில் பாசிப்பயறு போட்டுக்கொடுத்து, ஒன்றை இருட்டிலும் ஒன்றை முற்றத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறேன். ஒரே மூச்சில் உட்கார முடியாது.

கொட்டானை எந்தச் சுற்றிலும் நிறுத்தலாம். நடுவில் நிறுத்தாமல் சுற்றை முடித்து கிளிப் போட்டுவிடுங்கள். ஈரத்துணியில் சுற்றிய ஓலையை ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் மறுநாள் வாடையும் புள்ளியும் வரும். பிரித்துக் காயப்போட்டுவிட்டு, அடுத்த தடவை மறுபடி கால் மணி நேரம் நனைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை நனைத்தாலும் நல்ல குருத்தோலைக்கு ஒன்றும் ஆகாது.